இரு கரைகளின் கலைஞர் விக்டர் ஷோஸ்ட்ரோம்

1920ஆம் ஆண்டளவில் சுவீடன் நாட்டு மக்கள் அறுபது இலட்சம் பேருக்கும் குறைவு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். பார்ப்பவர் தொகை குறைவு என்பதற்காகத் திரைப்படத்தின் செலவு குறைந்துவிடுவதில்லை. நடிகர் ஊதியம், படச்சுருள், ஒளிப்பதிவு, அரங்க அமைப்பு ஆகிய அனைத்துக்கும் சிறிய நாடும் பணம் செலவிட்டே ஆகவேண்டும். அமெரிக்கப் படம் ஒன்று தன் நாட்டுக் கொட்டகைகளிலேயே போட்ட முதலை எடுத்துவிடும். அதன்பின் அயல்நாடுகளில் கிடைப்பதெல்லாம் இலாபமே. சுவீடன் படமோ கடல் கடந்து விலைபோனால்தான் பிழைக்க முடியும். இந்த ஏற்றத்தாழ்வு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆயினும் 1917 முதல் 1923 வரையிலான சில ஆண்டுகளில், திரைப்படம் ஒரு கலையாக எவ்வளவு உயர முடியும் என்பதை அறிய விரும்பியோர் ஸ்டாக்ஹோம் நகரைத் திரும்பிப் பார்த்தனர். அந்நிலையை உண்டாக்கியவர்களுள் முதன்மையானவர் விக்டர் ஷோஸ்ட்ரோம். அவரே பின்னர் ஹாலிவுட் சென்று ஏழாண்டுகள் பணியாற்றினார். மீண்டும் தாயகம் திரும்பினார். இரண்டு திரையுலகங்களையும் உள்ளிருந்து கண்டறிந்தவர் அவர். சிறிய மொழியொன்றில் பெரிய ஆசையோடு படைக்க முற்படும் எவருக்கும் அவர் வாழ்க்கை சிந்தனைக்குரியது.

இளமை

விக்டர் ஷோஸ்ட்ரோம் 1879 செப்டம்பர் 20ஆம் நாள் சுவீடனின் மேற்கில் உள்ள வெர்ம்லாண்ட் மாநிலத்தில் சில்போடால் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் வறுமையும் நிலப் பற்றாக்குறையும் சுவீடன் மக்களைப் பெருந்திரளாக அமெரிக்காவுக்குத் துரத்திக்கொண்டிருந்தன. ஷோஸ்ட்ரோமின் குடும்பமும் அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே கப்பலேறி நியூயார்க்கின் புருக்ளின் பகுதியில் குடியேறிற்று. பிற்காலத்தில் அமெரிக்காவுக்குச் சென்றபோது அந்நாடு அவருக்குப் புதிதன்று. ஆங்கிலம் அவர் நாவில் சிறுவயதிலேயே பழகியிருந்தது.

அவருக்கு ஏழு வயதானபோது, 1886இல், தாயார் இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். அவர் சமயப் பற்று மிக்கவர். கண்டிப்பும் கடுமையும் உடையவர். தாயை இழந்த சிறுவனுக்கு அந்த வீடு வீடாக இல்லை. சில ஆண்டுகளில் அவன் சுவீடனில் உள்ள உறவினரிடம் அனுப்பப்பட்டான். தாயற்ற பிள்ளை, இரக்கமற்ற தந்தை, பிரிக்கப்பட்ட குடும்பம் ஆகியவை அவருடைய படங்களில் மீண்டும் மீண்டும் தலைகாட்டுவதற்கு இந்த இளமையில் வேர் இருக்கிறது.

பதினேழாம் வயதில் நாடகக் குழுவொன்றில் சேர்ந்தார். சுவீடனிலும் பின்லாந்திலும் ஊர் ஊராகச் சென்று நடித்தார். அடுத்த பதினைந்து ஆண்டுகள் மேடையே அவர் உலகம். நடிகராகப் பெயர் பெற்றார், நாடகங்களை இயக்கினார், சொந்தக் குழுவொன்றையும் பங்குதாரராக நடத்தினார். திரைப்படம் என்பது அந்நாளில் சந்தைக்கூத்துக்கு அடுத்த நிலையில் மதிக்கப்பட்ட பொழுதுபோக்கு. மேடைக் கலைஞர் அதில் இறங்குவது கௌரவக் குறைவாகவே கருதப்பட்டது.

லீடிங்கோ படப்பிடிப்புத் தளம்

1907இல் தோன்றிய ஸ்வென்ஸ்கா பியோகிராஃப்தியேட்டர்ன் என்னும் நிறுவனம் சுருக்கமாக ஸ்வென்ஸ்கா பியோ எனப்பட்டது. 1909இல் அதன் பொறுப்பை ஏற்ற சார்லஸ் மாக்னுசன் தொழிலறிவும் துணிவும் உடையவர். ஸ்டாக்ஹோமை அடுத்த லீடிங்கோ தீவில் அவர் படப்பிடிப்புத் தளம் அமைத்தார். 1912இல் இரண்டு மேடைக் கலைஞர்களை இயக்குநர்களாக அமர்த்தினார். ஒருவர் ஷோஸ்ட்ரோம், மற்றவர் ஹெல்சின்கியில் பிறந்த மௌரிட்ஸ் ஸ்டில்லர். இருவரும் நண்பர்களாகவும் போட்டியாளர்களாகவும் வளர்ந்தனர். ஒருவர் இயக்க மற்றவர் நடிப்பதும் உண்டு. ஸ்டில்லர் நகைச்சுவையிலும் நாகரிக வாழ்வைச் சித்திரிப்பதிலும் வல்லவர். ஷோஸ்ட்ரோம் துயரத்தையும் மனச்சான்றையும் நாடியவர்.

ஷோஸ்ட்ரோம் இயக்கிய முதற்படமாகிய தோட்டக்காரன் 1912இல் சுவீடன் தணிக்கைக் குழுவால் தடைசெய்யப்பட்டது. அரசுத் தணிக்கை அந்நாட்டில் அதற்கு முந்திய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. அப்படம் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டுவந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் காங்கிரசு நூலகத்தில் அதன் பிரதி கண்டெடுக்கப்பட்டது. தாயகம் தடுத்ததைத் தூரதேசம் காப்பாற்றி வைத்திருந்தது.

1913இல் வெளிவந்த இங்கெபோர்க் ஹோல்ம் அவருடைய ஆற்றலை நாடறியச் செய்தது. கணவனை இழந்த ஒரு பெண், கடனில் கடையையும் இழந்து, ஏழையர் விடுதியில் அடைக்கலம் புகுகிறாள். அக்காலச் சட்டப்படி அவளுடைய குழந்தைகள் குறைந்த தொகைக்கு வளர்க்க முன்வருவோரிடம் ஒப்படைக்கப்படுகின்றனர். தன் கைக்குழந்தையே தன்னை அடையாளம் காணாமற்போக, அவள் மனம் பேதலிக்கிறது. ஹில்டா போர்க்ஸ்ட்ரோம் அப்பாத்திரத்தை ஏற்றார். கேமரா ஓரிடத்தில் அசையாது நிற்க, நடிகர் திரும்பி நிற்பதும் விலகி நடப்பதுமே பொருள் தரும்படி காட்சிகள் அமைந்தன. தாய் பிள்ளையைப் பிரியும் காட்சியில் அழுகை ஆர்ப்பாட்டம் இல்லை. அவள் முதுகு மட்டுமே பேசுகிறது. ஏழையர் பராமரிப்பு முறைபற்றி நாடெங்கும் விவாதம் எழ இப்படம் காரணமாயிற்று. 1918இல் சுவீடன் புதிய ஏழையர் நலச் சட்டத்தை இயற்றியது.

போர் திறந்த கதவு

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. சுவீடன் நடுநிலை வகித்தது. போரிடும் நாடுகளிலிருந்து படங்கள் வருவது குறைந்தது. உள்நாட்டுக் கொட்டகைகளுக்கு உள்நாட்டுப் படம் தேவைப்பட்டது. அதுவரை வட ஐரோப்பாவின் பெரிய ஏற்றுமதியாளராக விளங்கிய டென்மார்க்கின் நோர்டிஸ்க் நிறுவனம், போரின் நடுவில் தன் ஜெர்மானியச் சந்தையை இழந்து தளர்ந்தது. ஒரு சிறிய நாட்டின் திரைக்கலை தழைக்கத் திறமை மட்டும் போதாது. சந்தையில் ஓர் இடைவெளியும் வேண்டும். அந்த இடைவெளியைப் போர் உண்டாக்கித் தந்தது. மாக்னுசனும் அவருடைய இயக்குநர்களும் அதை வீணாக்கவில்லை என்பதே அவர்களுக்குரிய பெருமை.

ஷோஸ்ட்ரோம் நான்கைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது படங்களை விரைந்து எடுத்துக் களைத்திருந்தார். 1916இல் பிறந்த மண்ணான வெர்ம்லாண்டுக்கும், அங்கிருந்து நார்வேயின் கிரிம்ஸ்டாட் கடற்கரைக்கும் பயணம் மேற்கொண்டார். இளம் இப்சன் வாழ்ந்த ஊர் அது. இப்சனின் நெடுங்கவிதையாகிய தெர்யே வீகன் என்பதைப் படமாக்கும் திட்டத்தை முதலில் தயங்கி ஒதுக்கியிருந்த அவர், திரும்பியதும் அதனை ஏற்றார். 1917 சனவரியில் படம் வெளியாயிற்று.

கதை நெப்போலியப் போர்க்காலத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் நார்வேக் கடற்கரையை முற்றுகையிட, பட்டினி பரவுகிறது. மாலுமி ஒருவன் மனைவிக்கும் குழந்தைக்கும் தானியம் கொண்டுவரச் சிறு படகில் டென்மார்க்குக்குத் துடுப்பிட்டுச் செல்கிறான். திரும்பும் வழியில் ஆங்கிலக் கப்பல் அவனைச் சிறைபிடிக்கிறது. ஆண்டுகள் பல கழித்து வீடு திரும்புகிறவனுக்குக் கிடைப்பது இரண்டு கல்லறைகளே. பின்னொருநாள் புயலில் சிக்கிய படகிலிருந்து அவன் காப்பாற்றப் போவது, தன்னைச் சிறையிட்ட அதே கப்பல் தலைவனையும் அவன் மனைவியையும் குழந்தையையும். பழிவாங்கும் வாய்ப்பு கைக்கு வந்த கணத்தில் அக்குழந்தையைக் கண்டு அவன் மனம் மாறுகிறது. தெர்யேயாக ஷோஸ்ட்ரோமே நடித்தார். இப்சனின் கவிதையடிகளே எழுத்துப் பலகைகளாகத் திரையில் இடம்பெற்றன. கதைப் பின்னணியாக மட்டும் இல்லாமல் கடல் அப்படத்தின் இன்னொரு பாத்திரமாகவே விளங்கிற்று. முதற்பொருளும் உரிப்பொருளும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் மரபை அறிந்த தமிழ்க் கவிஞர்க்கு இந்த உத்தி எளிதில் விளங்கும்.

அதுவரை சுவீடனில் எடுக்கப்பட்ட படங்களைவிடப் பன்மடங்கு செலவு பிடித்த படம் அது. வெற்றி வந்ததும் மாக்னுசன் ஒரு துணிவான முடிவுக்கு வந்தார். ஆண்டுதோறும் பல சிறு படங்களை உற்பத்தி செய்வதைக் கைவிட்டு, சிலவற்றையே பொருட்செலவோடும் போதிய காலத்தோடும் எடுப்பது என்பதே அம்முடிவு. எண்ணிக்கையில் அமெரிக்காவோடு போட்டியிட முடியாத நாடு, தரத்தில் தனக்கென ஓரிடம் தேடிக்கொண்டது.

லாகர்லோஃபின் கதைகள்

தரத்துக்கு அடித்தளமாக அமைந்தது இலக்கியம். 1909இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற செல்மா லாகர்லோஃபும் வெர்ம்லாண்டைச் சேர்ந்தவரே. அவருடைய படைப்புகளைத் திரைக்குக் கொணர ஸ்வென்ஸ்கா பியோ அவரோடு உடன்பாடு செய்துகொண்டது. 1917இல் சதுப்புநிலக் குடிசைப் பெண் என்னும் கதையை ஷோஸ்ட்ரோம் படமாக்கினார். இங்மார் குடும்ப வரலாற்றை 1919இலும் 1920இலும் படமாக்கினார்.

இடையில், 1918இல், ஐஸ்லாந்து நாடகாசிரியர் யோஹான் சிகுர்யோன்சனின் நாடகத்தைத் தழுவி பெர்க்-ஐவிந்தும் அவன் மனைவியும் என்ற படம் வந்தது. பசிக்கு ஓர் ஆட்டைத் திருடியதால் நாடு துரத்தும் மனிதனும், அவனுக்காகப் பண்ணையையும் செல்வத்தையும் துறக்கும் கைம்பெண்ணும் மலைகளில் ஒளிந்து வாழ்ந்து, முதுமையில் பனிப்புயலில் ஒருவரையொருவர் தழுவியபடி மடிகின்றனர். போரால் ஐஸ்லாந்து செல்ல இயலவில்லை. சுவீடனின் வடகோடியில் உள்ள அபிஸ்கோ மலைப்பகுதியில் படமெடுத்தனர். நாயகியாக நடித்த எடித் எராஸ்டாஃபை ஷோஸ்ட்ரோம் 1922இல் மணந்தார். பிரான்சில் லூயி தெலுக் போன்ற விமர்சகர்கள் இப்படத்தைக் கொண்டாடினர்.

1919 இறுதியில் ஸ்வென்ஸ்கா பியோ மற்றொரு நிறுவனத்தோடு இணைந்து ஸ்வென்ஸ்க் ஃபில்மிண்டஸ்ட்ரி ஆயிற்று. ரோசுண்டாவில் திரைப்பட நகர் எழுந்தது. அங்குதான் லாகர்லோஃபின் 1912ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய மரணத்தின் வண்டி உருவாகி, 1921 புத்தாண்டு நாளன்று வெளிவந்தது. ஆண்டின் கடைசி நள்ளிரவில் இறுதியாக இறப்பவன், அடுத்த ஓராண்டுக்குச் சாவின் வண்டியை ஓட்டி உயிர்களைச் சேகரிக்க வேண்டும் என்பது கதையின் கரு. குடித்துக் குடும்பத்தைச் சீரழித்த டேவிட் ஹோல்ம் அவ்விரவில் வீழ்கிறான்; வண்டியோட்டி வந்து அவன் கடந்த காலத்தைக் காட்டுகிறான். நாயகனாக நடித்தவர் ஷோஸ்ட்ரோமே.

நாவலுக்குத் தூண்டுதலான லாண்ட்ஸ்க்ரூனா நகரிலேயே படமெடுக்க வேண்டும் என்று லாகர்லோஃப் விரும்பினார். ஷோஸ்ட்ரோம் தளத்துக்குள் அத்தெருக்களை அமைக்கவே முடிவுசெய்தார். காரணம் தொழில் நுட்பம் சார்ந்தது. உடலை விட்டு ஆவி எழுவதையும், கடல் அலைகளின்மேல் வண்டி உருள்வதையும் காட்ட ஒளிப்பதிவாளர் யூலியஸ் யென்சன் ஒரே படச்சுருளில் இரண்டு, மூன்று, சில இடங்களில் நான்கு முறைகூடப் படம் பதித்தார். கேமராவைக் கையால் சுழற்றிய காலம் அது. ஒவ்வொரு முறையும் அதே வேகம், அதே நிழல், அதே இடம் தவறாமல் அமைந்தால்தான் ஆவி ஆவியாகத் தோன்றும். ஒளி ஊடுருவும் அவ்வுருவங்கள் வெறும் வித்தையாக நின்றுவிடாமல், மனச்சான்றின் உறுத்தலுக்கு உருவமாக நின்றன என்பதே படத்தின் சிறப்பு.

கதவு மூடியது

போர் முடிந்ததும் சந்தையின் இடைவெளி அடைந்துபோயிற்று. அமெரிக்கப் படங்கள் ஐரோப்பாவுக்குள் வெள்ளமெனப் பாய்ந்தன. ஒருபுறம் விலை குறைவு. மறுபுறம் நட்சத்திரங்களின் கவர்ச்சி. ஸ்வென்ஸ்க் ஃபில்மிண்டஸ்ட்ரி பெருங்கடனோடு தளங்களும் கொட்டகைகளும் கட்டியிருந்தது. வெளிநாட்டுச் சந்தையைப் பிடிக்க வேண்டுமென்ற கவலையில் எந்த நாட்டுக்கும் பொருந்தும் கதைகளை அது தேடத் தொடங்கியது. விளைவு எதிர்மாறாக முடிந்தது. மலையும் பனியும் கிராமமும் இருந்தபோது உலகம் விரும்பிப் பார்த்த சுவீடன் படம், எல்லா நாட்டுக்கும் பொதுவான உடையணிந்தபோது யாருக்கும் உரியதாக இல்லாமற்போயிற்று. சிறிய மொழிகளின் படைப்பாளர் மறக்கக்கூடாத பாடம் இது.

கோல்ட்வின் நிறுவனத்தின் அழைப்பை ஏற்று 1923 தொடக்கத்தில் ஷோஸ்ட்ரோம் அமெரிக்கா சென்றார். அங்கே அவர் பெயர், உச்சரிக்க எளிதாக, சீஸ்ட்ராம் என்றாயிற்று. பெயர் மாற்றம் சிறிய செய்திதான். வேலை செய்யும் முறையில் நேர்ந்த மாற்றம் பெரிது. சுவீடனில் அவரே கதையைத் தேர்ந்தார், திரைக்கதை எழுதினார், பல படங்களில் நடித்தார், தொகுப்பையும் தம் பொறுப்பில் வைத்திருந்தார். ஹாலிவுட்டில் கதைப் பிரிவு, திரைக்கதைப் பிரிவு, தொகுப்புப் பிரிவு என்று தனித்தனிப் பட்டறைகள் இருந்தன. இவை அனைத்துக்கும் மேலே தயாரிப்பு மேற்பார்வையாளர் அமர்ந்திருந்தார். முன்கூட்டியே எண்ணிட்டு எழுதப்பட்ட காட்சிகளை நிறைவேற்றித் தருபவராகவே இயக்குநர் கருதப்பட்டார். சுவீடனில் உழவனாக இருந்தவர் அங்கே பெரிய ஆலையில் தலைமைத் தொழிலாளியானார் எனலாம்.

ஆனால் அந்த ஆலையைப் பழிப்பதோடு கதை முடியவில்லை. 1924இல் கோல்ட்வின் நிறுவனம் மெட்ரோ-கோல்ட்வின்-மேயராக இணைந்தது. இர்விங் தால்பர்க் என்ற இளம் மேற்பார்வையாளர் ஷோஸ்ட்ரோமின் திறமையை மதித்தார். புதிய நிறுவனம் தானே தயாரித்த முதற்படமாக அறைவாங்குபவன் என்ற கதையை அவரிடம் ஒப்படைத்தது. ரஷ்ய எழுத்தாளர் ஆந்திரேயெவின் நாடகம் அது. தன் ஆராய்ச்சியையும் மனைவியையும் ஒரு பிரபுவிடம் பறிகொடுத்த அறிஞன், அவமானத்தையே தொழிலாக்கிச் சர்க்கஸ் கோமாளியாகிறான். லான் சேனி, நார்மா ஷியரர், ஜான் கில்பர்ட் ஆகியோர் நடித்த அப்படம் கலையாகவும் வணிகமாகவும் வெற்றி கண்டது. அடுத்த ஆண்டு லாகர்லோஃபின் நாவலொன்றையே அங்கே படமாக்கினார். பொய்களின் கோபுரம் என்ற அப்படத்தின் பிரதி எதுவும் இன்று கிடைக்கவில்லை.

லில்லியன் கிஷ்

அமெரிக்காவில் ஷோஸ்ட்ரோமை நன்கு புரிந்துகொண்டவர் நடிகை லில்லியன் கிஷ். ஹாதார்னின் செவ்வெழுத்து நாவலைப் படமாக்க விரும்பிய அவர், அந்நாவலின் சமயக் கடுமையை அமெரிக்கரைவிடச் சுவீடன்காரரே நன்குணர்வார் என்று கருதி ஷோஸ்ட்ரோமை இயக்குநராகத் தேர்ந்தார். உடன் நடிக்கச் சுவீடனிலிருந்து லார்ஸ் ஹான்சன் வந்தார். கிஷ் ஆங்கிலத்திலும் ஹான்சன் சுவீடிஷ் மொழியிலும் பேசி நடித்தனர். படத்தில் அது தெரியவே இல்லை. மொழிகளின் எல்லையை ஊமைப்படம் எவ்வளவு எளிதில் தாண்டிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அப்படம் 1926இல் வெளிவந்தது.

அடுத்து இம்மூவரும் இணைந்தது காற்று என்னும் படத்தில். டாரதி ஸ்கார்பரோ 1925இல் எழுதிய நாவல் அதன் மூலம். வர்ஜீனியாவின் பசுமையிலிருந்து டெக்சாசின் வறண்ட நிலத்துக்கு வரும் லெட்டி என்ற இளம்பெண்ணைத் தணியாத காற்று மெல்ல மெல்லப் பித்தாக்குகிறது. விருப்பமில்லாத மணம், தன்னைச் சிதைக்க வந்தவனைச் சுட்டுக்கொல்லும் இரவு, அவள் புதைத்த உடலை மணலை விலக்கிக் காட்டிவிடும் காற்று. 1927இல் கலிபோர்னியாவின் மொகாவே பாலைவனத்தில் படப்பிடிப்பு நடந்தது. வெப்பம் ஏறத்தாழ 49 பாகை செல்சியசை எட்டிற்று. எட்டு விமான இயந்திரங்கள் மணலை வாரி இறைத்தன. படச்சுருள் உருகாதிருக்கப் பனிக்கட்டியில் வைத்துக் காத்தனர். இவ்வளவு சாதனங்களைச் சுவீடன் நிறுவனம் ஒருநாளும் அவருக்குத் தந்திருக்க இயலாது. ஆனால் காற்றை ஒரு பாத்திரமாகக் காணும் கண்ணை அவர் சுவீடனின் கடலிலிருந்தும் பனிமலையிலிருந்தும் கொண்டுவந்திருந்தார். இரு நாடுகளின் வலிமையும் ஒரே படைப்பில் கூடிய அரிய நேர்வு அது.

நாவலின் முடிவில் லெட்டி புயலுக்குள் நடந்து மறைகிறாள். படத்திலோ அவள் காற்றின் அச்சத்தை வென்று கணவனோடு வாழத் துணிகிறாள். இம்மாற்றம் நிறுவனத்தாரின் வற்புறுத்தல் என்று கிஷ் பிற்காலத்தில் கூறினார். திரைக்கதையிலேயே அது இருந்தது என்று சொல்லும் ஆய்வாளரும் உண்டு. எவ்வாறாயினும், படம் 1928 நவம்பரில் வெளிவந்தபோது மக்கள் பேசும்படத்தைத் தேடி ஓடிக்கொண்டிருந்தனர். சொல்லில்லாமல் அனைத்தையும் சொன்ன அப்படம் பணத்தை இழந்தது. 1993இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. பாராட்டு வந்துசேர அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

நண்பரும் நட்சத்திரமும்

ஷோஸ்ட்ரோமுக்கு இரண்டாண்டுகள் பின்னால், 1925இல், ஸ்டில்லரும் அமெரிக்கா வந்தார். அவரோடு வந்த இளம் நடிகை கிரேட்டா கார்போ. ஹாலிவுட் கார்போவை உடனே அணைத்துக்கொண்டது, ஸ்டில்லரை ஏற்கவில்லை. கார்போ நடித்த ஒரு படத்தின் நடுவிலேயே அவர் விலக்கப்பட்டார். வேறொரு நிறுவனத்தில் சில படங்கள் எடுத்தபின் 1927இல் ஊர் திரும்பி, 1928 நவம்பரில் தம் நாற்பத்தைந்தாம் வயதில் ஸ்டாக்ஹோமில் காலமானார். ஷோஸ்ட்ரோம் நிதானமானவர்; தம் எல்லையை அறிந்து அதற்குள் இயன்றதைச் செய்யக் கற்றவர். ஸ்டில்லர் யாருக்கும் கட்டுப்படாதவர். ஒரே நாட்டில் ஒரே ஆண்டில் ஒரே நிறுவனத்தில் தொடங்கிய இருவரின் விதி இவ்வாறு வேறுபட்டது. ஷோஸ்ட்ரோமும் கார்போவை வைத்துத் தெய்வீகப் பெண் என்ற படத்தை 1928இல் எடுத்தார். அதில் இன்று எஞ்சியிருப்பது மாஸ்கோவில் கிடைத்த ஒரே ஒரு சுருள்தான்.

பேசும்படம் வந்ததும் சிறிய மொழிக்காரரின் நிலை மேலும் இடர்ப்பட்டது. ஊமைப்படத்துக்கு எழுத்துப் பலகையை மாற்றினால் போதும். அது எந்த நாட்டுப் படமாகவும் ஆகிவிடும். பேசும்படம் ஒரு மொழிக்குள் அடைபட்டது. 1930இல் ஆங்கிலத்திலும் ஜெர்மானிய மொழியிலும் ஒரு பேசும்படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு ஷோஸ்ட்ரோம் சுவீடன் திரும்பினார். 1931இல் யால்மர் பெர்க்மனின் கதையைப் படமாக்கினார். 1937இல் இங்கிலாந்தில் ஒரு படம் இயக்கினார். அதன்பின் அவர் இயக்கவில்லை. அவருக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது.

வழிகாட்டியும் நடிகரும்

இயக்குவதை நிறுத்தினாலும் கலையை அவர் நிறுத்தவில்லை. மேடைக்கும் திரைக்கும் நடிகராகத் திரும்பினார். 1943 முதல் 1949 வரை ஸ்வென்ஸ்க் ஃபில்மிண்டஸ்ட்ரியின் கலை ஆலோசகராக இருந்தார். அக்காலத்தில்தான் இங்மார் பெர்க்மன் என்ற இளைஞர் தம் முதற்படமான நெருக்கடியை எடுக்கத் தொடங்கி, எல்லோரோடும் சண்டையிட்டுத் தத்தளித்தார். முதியவர் அவரைப் பிடரியில் பற்றி, முற்றத்தில் முன்னும் பின்னும் நடத்திச் சென்று, சிக்கலின்றிக் காட்சி அமைக்கவும், உடன் உழைப்போரைப் பகைக்காதிருக்கவும், நடிகரை முகத்துக்கு நேரே படமெடுக்கவும் அறிவுரை சொன்னார். பெர்க்மன் இதைத் தம் நினைவு நூலில் நன்றியோடு பதிவு செய்துள்ளார். மரணத்தின் வண்டியை அவர் ஆண்டுதோறும் பார்த்துவந்தார்.

1941 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் படச்சுருள் கிடங்கொன்று வெடித்துத் தீப்பற்றியதில் ஸ்வென்ஸ்க் ஃபில்மிண்டஸ்ட்ரியின் பழைய மூலச்சுருள்களுள் பெரும்பகுதி எரிந்தது. ஷோஸ்ட்ரோமின் தொடக்ககாலப் படங்களுள் பெரும்பாலானவை இன்று இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். சிறிய நாடு தீயில் இழந்தது. பெரிய நாடு கவனக்குறைவில் இழந்தது. காப்பதில் இரண்டும் ஒன்றுபோலவே தவறின.

1945இல் மனைவி எடித் மறைந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, எழுபத்தெட்டாம் வயதில், பெர்க்மனின் காட்டு ஸ்ட்ராபெரிகள் படத்தில் ஷோஸ்ட்ரோம் முதிய மருத்துவப் பேராசிரியர் ஈசாக் போர்காக நடித்தார். பட்டமேற்கச் செல்லும் ஒருநாட் பயணத்தில், வெற்றி பெற்ற வாழ்வுக்குள் ஒளிந்திருந்த வறட்சியைக் கண்டுணரும் மனிதரின் கதை அது. உடல் தளர்ந்திருந்தது, வசனம் மறந்தது, மாலையில் குறித்த நேரத்துக்கு வீடு திரும்பியாக வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது. ஆனால் கேமரா முன் அம்முகம் தவறியதில்லை. படத்தின் தொடக்கக் கனவில் ஓட்டுநரின்றி வரும் சவவண்டி, 1921இல் அவரே படைத்த வண்டியின் மறுவருகை. 1957 டிசம்பரில் வெளியான அப்படம் 1958இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. 1960 சனவரி 3ஆம் நாள் ஷோஸ்ட்ரோம் ஸ்டாக்ஹோமில் காலமானார்.

அவர் மறைந்து மூன்றாண்டுகளில், 1963இல், சுவீடன் திரைப்பட நிறுவனம் தோன்றியது. நுழைவுச்சீட்டு வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் திரட்டி நல்ல படங்களுக்கு உதவும் முறை வந்தது. சந்தையின் கருணையை மட்டும் நம்பினால் சிறிய நாட்டின் கலை நிலைக்காது என்பதை அந்நாடு தாமதமாகவேனும் உணர்ந்தது. ஷோஸ்ட்ரோமின் காலத்தில் அத்தகைய கைத்தாங்கல் இருந்திருந்தால் அவர் கடல் கடந்திருக்க வேண்டியதில்லை. அவ்வாறு கடக்காதிருந்தால் மொகாவேயின் மணற்காற்று படமாகியிருக்காது என்பதும் உண்மை. ஹாலிவுட் அவருக்குக் கருவியைக் கொடுத்தது. சொல்வதற்குரிய பொருளைக் கொடுத்தது வெர்ம்லாண்ட். கருவியை எங்கும் பெறலாம். பொருளைப் பிறந்த மண்ணிலிருந்துதான் எடுத்துச் செல்லவேண்டும்.